தளும்பாத வழி

காரியரின் மேல் கோணிச்சாக்கை எட்டாக மடித்துப் போட்டு, நடுவில் முழங்கையால் அமுக்கிக் குழி பண்ணி, கழுத்து வரைக்கும் தண்ணீர் நிறைத்த பித்தளைச் சொம்பை அதில் உட்கார வைத்தான் இருசப்பன். வைக்கோல் பிரியால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினான். சொம்பின் வாயை மட்டும் மூடவில்லை. மூடிவிட்டால் சோதனை எதற்கு? கட்டி முடித்து வண்டியை மெல்ல ஆட்டிப் பார்த்தான். தண்ணீர் கழுத்தடியில் ஒருமுறை சாய்ந்து, நிமிர்ந்து, சும்மா இருந்தது. பிறகு பெடலில் ஒரு காலை வைத்து, மறு காலால் நாலு உந்து உந்தி, ஏறிக்கொண்டான்.

கரிக்கலாம்பாக்கத்துக்கு இது பத்து நாளாக இலவசமாகக் கிடைத்த வேடிக்கை. "இன்னா இருசப்பா, சைக்கிளுக்குத் தாகமா?" என்று களத்துமேட்டிலிருந்து ஒருவன் கேட்பான். "காசி தீர்த்தம் போவுதுடா, வழி விடுங்க" என்பான் இன்னொருவன். கறவை மாட்டை விற்று ஒருவன் சைக்கிள் வாங்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இருசப்பன் யாருக்கும் பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் பெண்சாதி தையலம்மாளிடம்தான் சொல்வான்.

தையலம்மாள் மூன்று வருஷமாகப் பாயில் கிடந்தாள். பெரும்பாடு. கொஞ்சம் நடந்தால், கொஞ்சம் குனிந்தால், உதிரம் திறந்துகொள்ளும். மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் மெத்தையைப் பரப்பி, புதுச்சேரி ஆசுபத்திரிக்கு ஒருமுறை கொண்டுபோனான். இரும்புப் பட்டை போட்ட சக்கரம், கப்பி ரோடு, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குலுக்கல். போய்ச் சேர்ந்தபோது மெத்தை தோய்ந்திருந்தது. வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கூட நின்ற கம்பவுண்டர் அதைத் தமிழில் சொன்னார்: "உடம்பு குலுங்கக் கூடாது. குலுங்காம இருந்தா கொஞ்ச காலம் ஓடும்." கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று இருசப்பன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்ற பயம்தான்.

இந்த மாசியில் ஒரு நாள், அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரு தடவ அதப் பாத்துட்டாப் போதும்யா."

அது என்றால் எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர்களுக்குப் பிறந்தது ஆறு. முதல் ஐந்தும் ஒன்றுகூட ஒரு வயதைத் தாண்டவில்லை. ஆறாவதாகப் பெண் பிறந்தபோது, அம்மன் கோயிலில் அருள் வந்து ஆடுகிற ஒருத்தி அவர்கள் வாசலில் நின்று சொன்னாள்: "இந்த வூடு புள்ளயத் தின்னுது. தவிட்டுக்கு வித்துடு. ரெண்டு ஆறு தாண்டிப் போவட்டும். திரும்பி வந்து இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது." தவிட்டுக்கு விற்பது ஒன்றும் ஊரில் புதிதில்லை. சாவுக்குப் பயந்து பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்பார்கள். இது இவர்கள் பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போவான். பிள்ளை சாயங்காலமே பால் குடிக்கத் தாயிடம் வந்துவிடும். ஆனால் இந்தப் பிள்ளைக்குச் சாமி இரண்டு ஆற்றைக் குறுக்கே போட்டுவிட்டது. பெண்ணையாறு ஒன்று, கெடிலம் ஒன்று. கெடிலத்துக்கு அப்பால் இங்கிலீஷ்காரன் சீமையில் இருசப்பனின் அக்காள் கனகாம்பாள் வாழ்க்கைப்பட்டிருந்தாள்; அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளும் அவள் புருஷன் சுப்பராயலுவும் வந்து, வாசலில் ஒரு முறம் தவிட்டைக் கொட்டிவிட்டு, பதினோரு நாள் சிசுவைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். கஸ்தூரி என்று பேர் வைத்ததும் அவர்கள்தான். அந்தத் தவிட்டை வீட்டில் நின்ற கன்றுக்குக் கரைத்து வைத்தார்கள். அந்தக் கன்றுதான் வளர்ந்து, பசுவாகி, நாலு ஈற்று ஈன்று, இப்போது சைக்கிளாக மாறியிருந்தது.

ஒன்பது வருஷம். பெற்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாமி பிள்ளை வரக்கூடாது என்றுதான் சொன்னது. நீங்கள் போகக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்தை வாரிக் கொடுத்தவர்களுக்குச் சட்டத்தில் சந்து பார்க்கிற தைரியம் எங்கிருந்து வரும்? வருஷாவருஷம் மாசி மகத்துக்குக் கடலாட வரும் கனகாம்பாள் ஒரு நாள் தங்குவாள். பல் விழுந்தது, பாண்டி ஆடுகிறாள், தயிர் என்றால் உயிர் என்று ஏதாவது சொல்வாள். தையலம்மாள் அதை ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்வாள். இந்த மாசி மகத்துக்கு அக்காள் வரவில்லை. அறுப்பு முடிந்திருக்காது என்று இருசப்பன் நினைத்துக்கொண்டான்.

"நான் போய்ப் பாக்கறதுக்குச் சாமி ஒண்ணும் சொல்லலியே" என்றாள் தையலம்மாள். சாகப் போகிறவளுக்குச் சந்து தெரிந்துவிட்டது.

சைகோனிலிருந்து திரும்பி வில்லியனூரில் இருந்த ஒரு பழைய சொல்தா, பட்டாளத்துப் பென்ஷனில் சாப்பிட்டுக்கொண்டு, தன் சைக்கிளை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதன் சக்கரத்தை அமுக்கிக் காட்டி, "காத்து மேல உக்காந்து போற மாதிரிபா" என்றார். அந்த ஒரு சொல்லில் இருசப்பன் விழுந்தான். இரும்பு குலுக்கும், காற்று குலுக்காது. மறுவாரமே மாடு போயிற்று.

ஆனால் காற்றுச் சக்கரத்துக்கும் ரோடு என்று ஒன்று வேண்டுமே. பெரிய ரோடு ஆகாது. கரும்பு வண்டிகள் போய்ப்போய்ச் சோடை விழுந்து, கப்பிக் கல் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது. போதாததற்கு எல்லையில் சுங்கச் சாவடி. இறங்கி வெயிலில் நிற்கச் சொல்வார்கள், அவளால் நிற்க முடியாது. ஆகவே இருசப்பன் ரோடே இல்லாத வழியாகத் தேடினான். ஏரிக்கரை, வாய்க்கால் கரை, மாடு மேய்த்து மேய்த்து மெத்தையாகிப்போன புறம்போக்கு, பனஞ்சாலைக்குள் கள் இறக்குகிறவர்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதை. ஒரு நாளைக்கு ஒரு துண்டு. சொம்பில் தண்ணீரோடு போவான். துண்டின் முடிவில் இறங்கி, விரலை விட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பான். இரண்டு விரலுக்கு மேல் குறைந்தால் அந்த வழி தள்ளுபடி. மறுநாள் நூறு கஜம் தள்ளி வேறு வழி. வண்டியில் போக வேண்டிய இடம், தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிய இடம், அவளை இறக்கி மரத்தடியில் படுக்கவைக்க வேண்டிய இடம் எல்லாம் மனதில் குறித்துக்கொண்டான். எழுத்து அவனுக்கு வராது.

சாயங்காலம் பாயோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்வான். தையலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கேட்டதை மறப்பதில்லை. அவன் தடுமாறினால் அவள் எடுத்துக் கொடுப்பாள்.

"கரியமாணிக்கம் ஏரிக்கு இப்பால ஒரு மதகு சொன்னியே, அத விட்டுட்ட."

"ஆமா, மதகு. அங்க எறங்கிடணும். தூக்கிப் போடுது."

"நெழலு?"

"மதகுக்கு அந்தாண்ட வேப்பமரம்."

"சரி, அங்க கொஞ்சம் படுத்துக்கறேன். அப்புறம்?"

ஒரு தடவை பெரிய கூத்தாகிவிட்டது. எல்லை வரைக்கும் எட்டுக் கல், அதற்கப்பால் பதினாறு கல் என்று எண்ணி, உச்சி வெயிலுக்குள் போய்விடலாம் என்று சொல்லியிருந்தான். பிறகுதான் தெரிந்தது, பிரெஞ்சுக்காரன் கல்லுக்கும் இங்கிலீஷ்காரன் கல்லுக்கும் இடைவெளி வேறு; இங்கே கிலோமீட்டர், அங்கே மைல். "அந்தச் சீமக் கல்லு காலை அகட்டி அகட்டி நிக்குதுடி" என்று அவன் சொன்னபோது தையலம்மாள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குலுங்காமல், உதட்டால் மட்டும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவன் நினைத்தான்.

பங்குனி பிறந்தது. பெண்ணையில் மணல்தான் இருந்தது; தள்ளிக்கொண்டே கடந்துவிடலாம். பண்ருட்டியை வடக்கே விட்டு, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே சருகு மூடிய வண்டித் தடம் ஒன்று அகப்பட்டது. இனி முழு வழியையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. புறப்படுவதற்கு முதல் நாள் தையலம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்குள்ள போவாத. வெளில எல்லைக் கோயிலு இருக்குன்னு அக்கா சொல்லுமே, அதோட திரும்பிடு. நீ மட்டும் மொதல்ல பாத்துட்டு வந்தா நான் தாங்க மாட்டேன். ரெண்டு பேரும் சேந்தாப்போல பாக்கலாம்."

"சரி."

"தலமேல கை வச்சிச் சொல்லு."

சொன்னான்.

கோழி கூவப் புறப்பட்டவன் உச்சிப்பொழுது சாய்வதற்குள் கெடிலத்தைக் கடந்து எல்லைக் கோயில் வாசலில் இறங்கினான். முதல் வேலையாகச் சொம்புக்குள் விரலை விட்டான். மூன்று விரல்தான் குறைந்திருந்தது. இரண்டு ஆறு, இருபது ஊர், இரண்டு சர்க்கார் தாண்டி மூன்றே விரல்! இத்தனை நாள் தேய்ந்த தேய்ச்சலுக்குச் சாமி கூலி கொடுத்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பியிருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை தையலம்மாளை ஏற்றிக்கொண்டு வந்திருப்பான். என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஆனால் இருநூறு அடியில் ஊர். தெருவில் பெண் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. ஒன்பது வருஷம் கட்டிவைத்த மனசு, ஓரமாக நின்று ஒரு தடவை பார்த்தால் அவளுக்கா தெரியப்போகிறது என்றது. வாக்கும் சரி, சாமியும் சரி, அந்தச் சத்தத்துக்கு முன்னால் நிற்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

பாண்டி ஆடிக்கொண்டிருந்த ஐந்தாறு பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எதில் தன் மூக்கு இருக்கிறது, எதில் தையலம்மாளின் நெற்றி இருக்கிறது என்று தேடினான். எல்லாவற்றிலும் கொஞ்சம் இருப்பது போலவும், ஒன்றிலும் இல்லாதது போலவும் இருந்தது. அதற்குள் கனகாம்பாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் கலைந்த பொட்டோடு, எண்ணெய் காணாத தலையோடு நின்றாள். தம்பியைப் பார்த்தாள்; சைக்கிளைப் பார்த்தாள். வாவென்று கூப்பிடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாருடா ஒனக்குச் சொன்னது?" என்றாள்.

"இன்னா சொன்னது?"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த சுப்பராயலுதான், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தை பிறந்து மூன்றாம் நாள். அம்மை வார்த்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள்கூடப் பார்த்துவிட்டார்கள். அதற்குள் அம்மன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

 இருசப்பன் ரொம்பச் சின்னக் குரலில் கேட்டான். "எனக்குச் சொல்லி அனுப்பக் கூடாதாக்கா?"

"எப்படிடா சொல்லுவேன்? தவிட்டுக்கு வித்தவங்களுக்குத் தீட்டு இல்லன்னு ஊர்ல பெரியவங்க சொல்லிட்டாங்க. தீட்டு இல்லாத வூட்டுக்குச் சாவு சேதி போவக் கூடாதாம். அதுவுமில்லாம, அங்க அவ இருக்கற இருப்புல..." கனகாம்பாள் நிறுத்தினாள். சட்டென்று கோபம் வந்தது அவளுக்கு. "பெத்தது நீங்க. பல்லு மொளச்சப்ப, காய்ச்சல்ல கெடந்தப்ப, கடசியா அத்தினி நாளும் வேப்பெலையால தடவிக் குடுத்தது யாரு? நான்தான்டா பறிகுடுத்தவ. என்னாண்ட வந்து நாயம் கேக்குறியா?"

"நாயம் கேக்கலக்கா" என்றான் இருசப்பன். அவன் நிஜமாகவே கேட்கவில்லை. அழக்கூட அவனுக்கு வழி தெரியவில்லை. அழுதால் அது யாருடைய பிள்ளைக்காக என்று கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது. "நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கலாமா?" என்றான்.

 கனகாம்பாள் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் போய்விட்டது. "இங்க வேணாம்டா. பாத்தா பேசுவாங்க. ஆத்துப்பக்கம் போயி ஊத்திக்க" என்றாள்.

கெடிலத்தில் கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. ஊற்றுத் தோண்டக் கையில் தெம்பும் இல்லை. மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வைக்கோல் பிரியை அவிழ்த்து, சொம்பை எடுத்தான். காலையில் தையலம்மாள் பாயில் கிடந்தபடி கைநீட்டித் தொட்டு அனுப்பிய தண்ணீர். கிழக்கே பார்த்து நின்று தலையில் ஊற்றிக்கொண்டான். வெயிலில் சூடேறியிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் எவ்வளவு நேரம் வரும்? தலை நனைந்தது, தோள் பாதி நனைந்தது, தீர்ந்துவிட்டது. அப்புறம்தான் அழுகை வந்தது. ஐந்துக்கும் அழுதிருக்கிறான். ஆனால் அந்த ஐந்தையும் அவன் கடைசி வரை கையில் ஏந்தியிருக்கிறான். இதை ஏந்தியது பதினோரு நாள்தான். பேர் சொல்லி ஒருமுறை கூப்பிட்டதில்லை. ஆற்று நடுவில் நின்று கூப்பிடலாமா என்று பார்த்தான். வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது வழியைப் பார்த்து ஓட்டவில்லை. மதகில் தூக்கிப் போட்டது, சோடையில் விழுந்தது. பொழுது விழுகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தான். என்ன சொல்வது என்று பதினாறு மைலும் எட்டுக் கிலோமீட்டரும் யோசித்தும் ஒரு சொல் அகப்பட்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செங்கமலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இன்னிக்கு அண்ணி ரெண்டு வேளையும் கஞ்சி குடிச்சுது. என்னக் கூப்ட்டு தல வாரிக்கிச்சி. பொண்ணப் பாக்கப் போறவ பரட்டையா போவலாமான்னு கேக்குது" என்றாள்.

தையலம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்தில் அவளை உட்கார்ந்த நிலையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. கையில் தொங்கிய சொம்பைத்தான் பார்த்தாள்.

"எவ்ளோ நிக்குது?"

 அவள் கையை நீட்டி வாங்கினாள். உள்ளே பார்த்தாள், கவிழ்த்தாள்.

"ஒரு சொட்டு கூட இல்லியா?"

"இல்ல."

"அவ்ளோ மோசமா வழி?"

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் வந்திருக்கவில்லை. அவளே கட்டி முடித்த பொய்க்குள் அவன் நுழைந்துகொண்டான், அவ்வளவுதான். "தோப்புல தடத்த வெட்டிப் போட்டுட்டானுங்க. முழுக்கப் பள்ளம். ஆகாதுடி" என்றான்.

தையலம்மாள் வெகுநேரம் சொம்பின் வாயைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழுதிருந்தால் அவனும் சேர்ந்து அழுது, அந்த வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்திருப்பான். அவள் நிமிர்ந்து, "அதனால இன்னா? வேற வழி இல்லாமலா பூடும்? நாளைக்குப் பாரு" என்றாள்.

மறுநாள் பார்க்கப் போனான். அதற்கு மறுநாளும் போனான். வயல் வேலை முடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு பாகூர் ஏரிக்கரைக்குப் போய், யாரும் வராத பக்கமாக உட்கார்ந்திருப்பான். பொழுது சாய்ந்ததும் எழுந்து வருவான். ஊரும் இப்போது சிரிப்பதை விட்டுவிட்டது. பைத்தியக்காரனைப் பார்த்து எத்தனை நாள்தான் சிரிப்பது? வீட்டுக்கு வந்ததும் அன்றைய வழியைச் சொல்வான். முதலில் தெரிந்த ஊர்களைச் சொன்னான். அவை தீர்ந்தபின் இல்லாத ஊர்களைச் சொன்னான். ஒன்றில் குளம் வைத்தான், ஒன்றில் புங்க மரம் வைத்தான், ஒன்றில் மோர் ஊற்றுகிற ஒரு நல்ல மனுஷியை வைத்தான். கடைசியில் ஏதாவது ஓடையோ பள்ளமோ குறுக்கே வந்துவிடும்.

சித்திரை போயிற்று, வைகாசியில் வில்லியனூர்த் தேர் ஓடிற்று, ஆனியும் பிறந்தது. தையலம்மாள் இருந்தாள். "இத்தினி நாளு தாங்குறதே பெரிசு" என்று செங்கமலம் அவனிடம் தனியாகச் சொன்னாள். உட்காருகிற நேரம் மட்டும் தினம் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. காரியரில் உட்காரப் பழகவேண்டாமா என்பாள்.

ஒரு சாயங்காலம் அவன் புதிதாக ஒரு ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"பாவாட ஒண்ணு தைக்கச் சொல்லணும்யா. வெறுங்கையோட எப்படிப் போறது? அளவுதான் தெரியல." சுவரிலிருந்து முதுகை எடுத்து, தரையிலிருந்து கையை உயர்த்திக் காற்றில் நிறுத்தினாள். "இம்மாம் ஒசரம் இருப்பாளா?"

இருசப்பன் அந்தக் கையைப் பார்த்தான். அதற்குக் கீழே கஸ்தூரி நிற்கிற இடம் காலியாக இருந்தது.

"இருப்பாளாய்யா? சொல்லேன்."

அவன் கிட்டே நகர்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தான்.

"இம்மாம் இருப்பா. வளர்ற புள்ள இல்ல?"

 தையலம்மாள் கையை இறக்காமல், அதே உயரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.